சத்தம் போடாத கிடார்

அத்தியாயம் 9

வாய் முந்திக்கொண்டது. போன வாரம் நடந்ததை ஒரே வரியில் சொல்லவேண்டும் என்றால் அவ்வளவுதான்.

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்துக்கொள்ள வந்த பல் டாக்டர், "எங்க குழுவில கிடார் வாசிச்சவங்க ஊரை விட்டே போயிட்டாங்க. வியாழக்கிழமை அஞ்சு மணிக்கு ஆள் எடுக்கறோம். உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது வாசிப்பாங்களா?" என்று பேச்சுவாக்கில் கேட்டார். நம் அண்ணி, லென்ஸைத் துடைத்துக்கொண்டே, "நானே வாசிப்பேன், வர்றேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் சொன்னது தன் வாய்தான் என்று அவளுக்கே தெரிந்தது.

அண்ணி என்று அவளை முதலில் கூப்பிட்டது நாத்தனார். பிறகு தெருவே கூப்பிடுகிறது. நாற்பத்தைந்து வயது. கல்லூரி நாட்களில் மேடையில் கிடார் வாசித்தவள். இருபத்திரண்டு வருஷம் தொடாமல் இருந்துவிட்டு, ஒரு மாதத்துக்கு முன்பு பழைய எலக்ட்ரிக் கிடார் ஒன்றை வாங்கி, மாடி அறையில் துணி அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறாள்.

ஒளித்தது புருஷனுக்குப் பயந்து அல்ல. புருஷனுடைய நல்ல மனசுக்குப் பயந்து.

அவர் ஆம்புலன்ஸ் டிரைவர். இரவு எட்டு மணிக்குப் போனால் காலை எட்டு மணிக்கு வருவார். ஒன்பது மணிக்குப் படுத்தால் நாலு மணி வரைக்கும் தூக்கம். அண்ணிக்குக் கடை மதியம் இரண்டு மணிக்கு. ஆக, அவளுக்கென்று வீட்டில் கிடைக்கிற நேரமும் அவர் தூங்கியாக வேண்டிய நேரமும் ஒன்றே. கிடார் விஷயம் தெரிந்தால், "நீ பாட்டுக்கு வாசி, எனக்கென்ன" என்றுதான் சொல்வார். சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு விழித்துக் கிடப்பார். அந்தக் கண்ணோடு ராத்திரி வண்டியை எடுப்பார். வண்டியின் பின்னால் யாரோ ஒருவருடைய அப்பாவோ குழந்தையோ படுத்திருக்கும்.

"அவர் தூக்கம் ஒரு தடவை கலைஞ்சாலும் போதும், அன்னிக்கே கிடாரை வித்துடுவேன்" என்று நாத்தனாரிடம் சொல்லியிருந்தாள். சும்மா சொல்லவில்லை. சொன்னால் செய்கிறவள்.

இன்று அந்த வியாழக்கிழமை.

காலை பத்து மணிக்கு வாத்தியக் கடையின் கதவு திறந்தபோது, வாசலில் முதல் ஆளாக அண்ணி நின்றாள். தன் கண்ணாடிக் கடைக்கு லீவு போட்டிருந்தாள். முதுகில் கிடார் உறை.

"வீட்டில சத்தமே கேட்கக்கூடாது. ஆனா எனக்கு எல்லாம் கேட்கணும்" என்றாள் கடைக்காரரிடம்.

கடைக்காரர் உயரமான மனுஷர், நிதானமான ஆள். கிடார் சத்தத்தைப் பெருக்கித் தருகிற பெட்டிகளைக் காட்டிக் கேட்டார்: "ஆம்ப் இல்லாம வாசிச்சிருக்கீங்களா?"

"ஒரு மாசமா அப்படித்தான். கம்பி டிங் டிங்குன்னு லேசா கேட்கும், அவ்வளவுதான். நல்லாத்தான் வருது."

"ஆம்ப் இல்லாம எல்லாருக்கும் நல்லாத்தான் வரும்" என்று சிரித்தார் அவர். "கரண்ட் ஊட்டினாத்தான் சரியா அழுத்தாத விரலும் தேவையில்லாம உரசுற கம்பியும் வெளியில தெரியும்."

இதையேதான் பல் டாக்டரும் சொல்லியிருந்தார். வருமுன் ஒரு நாளாவது ஆம்பில் வாசித்துப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று. அந்த ஒரு நாள் இன்றுதான். அதிலும் காலை போய்க்கொண்டிருக்கிறது.

கடைக்காரர் மூன்று சாமான்களை மேசைமேல் வைத்தார். முதலாவது தீப்பெட்டி அளவுதான் இருந்தது. அதைக் கிடாரிலேயே சொருகி, அதில் ஹெட்ஃபோனைச் சொருகினால் தீர்ந்தது வேலை. இரண்டாவது, ரொட்டி டப்பா அளவில் ஒரு குட்டி ஆம்ப். ஹெட்ஃபோனைச் சொருகியதும் அதன் ஸ்பீக்கர் தானாக வாயை மூடிக்கொள்ளும். மூன்றாவது, கம்ப்யூட்டரோடு இணைக்கிற பெட்டி. அதில் நூறு விதமான ஆம்ப் சத்தம் இருக்கிறதாம்.

மூன்றாவதை அண்ணி உடனே தள்ளி வைத்தாள். "எங்க வீட்டுக் கம்ப்யூட்டர் கண் திறக்கறதுக்குள்ள அவர் தூங்கி எழுந்துடுவார்."

"மிச்சம் ரெண்டுல எது பிடிச்சிருக்கு?"

"அப்படிக் கேட்கக்கூடாது" என்றாள் அண்ணி. அதுவரை கையைப் பிசைந்துகொண்டிருந்தவள், சட்டென்று தன் கடையில் நிற்பதுபோல நிமிர்ந்தாள். "நான் கண்ணை மூடிக்கறேன். நீங்க ஒண்ணுன்னு சொல்லி ஒண்ணைப் போடுங்க. ரெண்டுன்னு சொல்லி இன்னொண்ணைப் போடுங்க. எதுன்னு மட்டும் சொல்லாதீங்க. ஒண்ணா, ரெண்டான்னு நான் சொல்றேன்."

பதினெட்டு வருஷமாக அவள் செய்கிற வேலை இதுதான். நாற்காலியில் உட்காருகிறவர்களிடம், எழுத்து தெரிகிறதா என்று ஒருநாளும் கேட்கமாட்டாள். கேட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு தெரிகிறது என்பார்கள். ஒண்ணு தெளிவா, ரெண்டு தெளிவா? இதைத்தான் கேட்பாள், கேட்டுக்கொண்டே போவாள்.

கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டார். ஆனாலும் செய்தார். கடை ஹெட்ஃபோனின் தடித்த சுருள் வயரை மாற்றி மாற்றிச் சொருகினார். அவள் அதே நாலு ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தாள்.

"ஒண்ணு."

"ரெண்டு."

"மறுபடியும் ஒண்ணு... இருங்க இருங்க. இப்போ ரெண்டுமே ஒண்ணுதானே? நீங்க மாத்தவே இல்லே."

கடைக்காரர் அசந்துபோனார். "சும்மா சோதிச்சுப் பார்த்தேங்க."

"நானும் எங்க ஆளுங்களை அப்படித்தான் சோதிப்பேன்" என்றாள் கண்ணைத் திறக்காமலே. சந்தோஷத்தில் அவள் காது மடல் சிவந்திருந்தது. எத்தனை வருஷமாயிற்று இப்படி ஒன்றைத் தனக்கென்று தேர்ந்தெடுத்து!

அரைமணி நேரம் இப்படியே போனது. கடைசியில், "வாசிக்காம சும்மா இருக்கறேன். இப்போ மாத்துங்க" என்றாள்.

"வாசிக்காம என்னத்தைக் கேட்பீங்க?"

"அதைத்தான் கேட்கணும்."

கேட்டாள். ஒன்று, சும்மா இருக்கும்போது 'உஸ்'ஸென்று மூச்சு விட்டுக்கொண்டே இருந்தது. மற்றது கப்சிப்பென்று இருந்தது. "ரெண்டு" என்றாள். கண்ணைத் திறந்தால் எதிரே ரொட்டி டப்பா. அதையே கட்டச் சொன்னாள்.

"ஹெட்ஃபோன் வேணாமா? வீட்டில இருக்கறது வயர் உள்ள..." என்று கடைக்காரர் ஆரம்பித்தார்.

"இருக்கு, இருக்கு. உசத்தியானதே இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அண்ணி பாதி வாசலைத் தாண்டிவிட்டாள். அவர் ஓடிவந்து, இருக்கட்டும் என்று ஒரு குட்டிச் சொருகியைப் பையில் போட்டார். மெல்லிய வயரைத் தடித்த துளையில் பொருத்துகிற சொருகி. அதை அவள் கவனிக்கக்கூட இல்லை.

அந்த வீட்டுக்குள் நுழைகிறவர்கள் முதல் ஐந்து நிமிஷம் ஏதோ துக்கம் விசாரிக்க வந்ததுபோல நடப்பார்கள். அழைப்பு மணியின் வயரைக் கழற்றிப் பல வருஷமாயிற்று. நாற்காலிக் கால்களுக்கெல்லாம் கம்பளித் துணி. போனை மேசைமேல் வைப்பதென்றால் அடியில் மடித்த துண்டு. அண்ணியும் நாத்தனாரும் டி.வி. பார்ப்பதும் சத்தமில்லாமல்தான். டி.வி.யின் ஹெட்ஃபோன் துளையில் ஒரு சின்ன டப்பி சொருகியிருக்கும். மெல்லியது ஒன்று, தடித்தது ஒன்று என்று இரண்டு முனை அதற்கு. அது சத்தத்தை வயர் இல்லாத ஹெட்ஃபோனுக்கு அனுப்பும். ஆளுக்கு ஒன்று மாட்டிக்கொண்டு, சிரிப்பு வந்தால் தலையணையைக் கடித்துக்கொள்வார்கள்.

உசத்தியான ஹெட்ஃபோன் என்று அண்ணி சொன்னது அதைத்தான்.

டி.வி.யிலிருந்து டப்பியைக் கழற்றினாள். படியில் மூன்றாவது பலகை முனகும் என்பதால் அதைத் தாண்டி ஏறினாள். மாடி அறைக் கதவைச் சாத்தி, ரொட்டி டப்பாவில் டப்பியின் தடித்த முனையைச் சொருகி, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கீழே, அந்த அறைக்கு நேர் கீழே, டிரைவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

முதல் ஸ்வரத்தை எடுத்தாள்.

ஆஹா, என்ன சத்தம்! கனமாக, இழுத்துக்கொண்டு, காதுக்குள்ளே ஒரு பெரிய அரங்கமே விரிந்த மாதிரி. கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, மாலையில் வாசிக்கவேண்டிய பாட்டை ஆரம்பித்தாள்.

இரண்டாவது வரியிலேயே தடுமாறியது.

மறுபடி ஆரம்பித்தாள். மறுபடியும் தடுமாறியது. விரலை எடுத்த பிறகு ஸ்வரம் வருகிறது. அடுத்ததற்குப் போவதா, இதற்காகக் காத்திருப்பதா? காத்திருந்தால் பாட்டு நொண்டியது, காத்திருக்காமல் ஓடினால் சிதறியது. மெதுவாக வாசித்துப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டும் பார்த்தாள். எண்ணி எண்ணி வாசித்தபோது இன்னும் மோசம்.

இருபத்திரண்டு வருஷம், என்று நினைத்துக்கொண்டாள். கரண்ட் ஊட்டினால்தான் தெரியும் என்று கடைக்காரர் சொன்னாரே, தெரிந்துவிட்டது. ஒரு மாதமாக டிங் டிங்கென்று வாசித்து, தானே மெச்சிக்கொண்டிருந்திருக்கிறாள். கைக்கு வயசாகிவிட்டது.

பன்னிரண்டரை மணிக்குப் பல் டாக்டருக்குச் செய்தி அனுப்பினாள். 'மன்னிக்கணும். இன்னிக்கு நான் வரலை. வேற ஆளைப் பாருங்க.'

அனுப்பிவிட்டு, ஹெட்ஃபோனைக் கழுத்தில் தொங்கவிட்டபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

ஒரு மணிக்கு நாத்தனார் வந்தாள். காது பரிசோதனை நிலையத்தில் வேலை அவளுக்கு. காது மந்தமானவர்களுக்குக் கருவி பொருத்தி, சரிபார்த்து அனுப்புவாள். 'ஒருத்தி கண்ணு, ஒருத்தி காது, நடுவில நான் மூக்கு' என்று டிரைவர் இவர்கள் இருவரையும் கேலி செய்வது வழக்கம். வியாழனில் அவளுக்கு அரை நாள்தான். ஆவலோடு படியேறி வந்தவள், அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"என்ன அண்ணி? வாங்கலையா?" என்றாள் கிசுகிசுப்பாக.

"வாங்கினேன். வரலைன்னும் சொல்லிட்டேன்."

"எதுக்கு?"

"கை ஓடலைடி. நான் ஒண்ணு வாசிக்கறேன், அது எப்பவோ ஒரு நேரத்துக்கு வருது. கை மந்தமாயிடுச்சு. இதுக்கு மேல கேட்காதே."

நாத்தனார் கேட்காமல் விடுகிற ரகம் இல்லை. ஹெட்ஃபோனைப் பிடுங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டாள். "எங்கே, வாசிங்க பார்ப்போம்."

"வேணாம்."

"ஒரே ஒரு ஸ்வரம். டிங்குன்னு."

அண்ணி வேண்டாவெறுப்பாகக் கம்பியைத் தட்டினாள். நாத்தனாரின் கண் அவளுடைய விரலிலேயே இருந்தது.

"இன்னொரு தடவை."

தட்டினாள்.

"அண்ணி, கை மந்தமா இருந்தா கை லேட்டா போகணும். உங்க கை முன்னாடி போகுது. சத்தம்தான் பின்னாடி வருது."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"எப்படி ஒண்ணாகும்? எங்க நிலையத்துக்கு வர்றவங்க சொல்லுவாங்க. மெஷின்ல ஒரு பொட்டுத் தாமதம் இருந்தாலே போதும், அவங்க குரலே அவங்களுக்கு அந்நியமா இருக்கும், பேச்சே குழறும். நாக்கில கோளாறு இருக்காது, மெஷின்லதான்..." சொல்லிக்கொண்டே போனவள், ரொட்டி டப்பாவில் சொருகியிருந்ததைப் பார்த்தாள். பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. "அண்ணி! இது நம்ம டி.வி. டப்பி!"

"ஆமா. அதுக்கென்ன?"

"நம்ம டி.வி.யில செய்தி வாசிக்கறவங்களுக்கு வாய் முதல்ல அசையும், பேச்சு அப்புறம்தானே வரும்?"

அண்ணி விழித்தாள். "எல்லா டி.வி.யிலயும் அப்படித்தானே?"

"இல்லை அண்ணி! வயர் இல்லாத ஹெட்ஃபோன்னா சத்தம் சுத்திக்கிட்டு வரும், கொஞ்சம் தாமதமாத்தான் வந்து சேரும். நாம ஆறு வருஷமா அதையே பார்த்துப் பார்த்துப் பழகிட்டோம். போன மாசம் உங்க தங்கச்சி வீட்டில டி.வி. பார்த்துட்டு, 'இவங்க என்ன இப்படி அவசர அவசரமா பேசறாங்க'ன்னு கேட்டீங்களே, மறந்துட்டீங்களா?"

இரண்டு பேரும் துணி அலமாரியைத் திறந்து, அதற்குள் தலையை விட்டுக்கொண்டு, தொங்குகிற சட்டைகளுக்கு நடுவே சிரித்தார்கள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. தன் கை நன்றாகத்தான் இருக்கிறது என்பது அண்ணிக்கு இன்னும் முழுசாக உறைக்கவில்லை. உறைத்தபோது நாத்தனாரின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"வயர் உள்ள ஹெட்ஃபோன் வேணும். உடனே வேணும்."

நாத்தனாருடைய போன் பெட்டியில், உறை பிரிக்காமல் ஒன்று கிடந்தது. கொண்டுவந்து பார்த்தால் முனை மெல்லியது, துளை தடித்தது. அண்ணிக்கு அழுகை வரும்போலிருந்தது. நாத்தனார் பையைக் கவிழ்த்து உதறினாள். கடைக்காரர் போட்டனுப்பிய குட்டிச் சொருகி தரையில் உருண்டது.

"அந்த மனுஷன் நல்லா இருக்கணும்" என்றாள் அண்ணி.

சொருகினாள். எடுத்தாள்.

விரல் பட்ட அந்தக் கணத்திலேயே ஸ்வரம்! விரலும் சத்தமும் ஒன்றாகவே பிறந்தன. இரண்டாவது வரி, மூன்றாவது வரி. எங்கேயும் தடுக்கவில்லை. ஒரு மாத டிங் டிங் வீண்போகவில்லை. இரண்டு இடத்தில் கம்பி உரசியது, அதையும் கண்டுபிடித்தாள், உள்ளங்கையை லேசாக வைத்து அடக்கினாள். மறுபடி முதலிலிருந்து, இன்னொரு தடவை, பிறகு இன்னும் வேகமாக. தலைகால் புரியாத சந்தோஷம். நாத்தனார் எதிரே உட்கார்ந்து, ஒன்றுமே கேட்காவிட்டாலும், அண்ணியின் முகத்தைப் பார்த்தே தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

எவ்வளவு நேரம் போயிற்றோ. நாத்தனாரின் தலை ஆடுவது திடீரென்று நின்றது. அவள் கண் கதவுப் பக்கம் போனது. அண்ணி திரும்பினாள்.

வாசற்படியில் டிரைவர். கசங்கிய சட்டை, கலைந்த தலை, ஒரு கன்னத்தில் தலையணை மடிப்பு.

அண்ணி கம்பிகளை உள்ளங்கையால் பொத்தினாள்.

"சத்தம் கேட்டுச்சா உங்களுக்கு? ஒரு பொட்டுக்கூட வெளியில வராதுன்னாங்களே!"

"கிடார் சத்தம் கேட்கலை" என்றார் அவர். "உன் கால் சத்தம் கேட்டுச்சு."

அண்ணி குனிந்து பார்த்தாள். மரப்பலகைத் தரையில் அவளுடைய வலது குதிகால். பத்து மணியிலிருந்து சத்தத்தைப் பற்றியே யோசித்து, ஆம்பைத் தேடி, ஹெட்ஃபோனைத் தேடி, சொருகியைத் தேடி, கடைசியில் தாளம் போடுகிற காலைக் கணக்கில் எடுக்க மறந்துவிட்டாள்.

"யாரோ கதவைத் தட்டறாங்கன்னு நினைச்சேன். தட்டறவங்க தாளத்தோட தட்டறாங்களேன்னு கொஞ்ச நேரம் கேட்டுக்கிட்டே படுத்திருந்தேன்" என்று உள்ளே வந்தார். "எத்தனை நாளா இது?"

"ஒரு மாசமா."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா வாசின்னு சொல்லுவீங்க."

"சொன்னா என்ன?"

"சொல்லிட்டு நீங்க தூங்கமாட்டீங்க. தூங்காம வண்டி ஓட்டுவீங்க." அண்ணி கிடாரைக் கழற்றி மடியில் கிடத்தினாள். "தூக்கம் கலைஞ்சா வித்துடறேன்னு இவகிட்ட சொல்லியிருந்தேன். கலைஞ்சுடுச்சு. வித்துடறேன்."

டிரைவர் தங்கையைப் பார்த்தார். தங்கை, இதில் நான் தலையிட மாட்டேன் என்பதுபோலக் கூரையைப் பார்த்தாள். அவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அண்ணியின் காதிலிருந்து ஹெட்ஃபோனை எடுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டார்.

"எங்கே, வாசி."

"எனக்குக் கேட்காதே."

"எனக்குக் கேட்கும்."

அண்ணி வாசித்தாள். தன் காதுக்கு வெறும் டிங் டிங் மட்டும்தான். மிச்சமெல்லாம் அவருடைய காதுக்குள் நடந்துகொண்டிருந்தது. அவள் அவருடைய முகத்தையே பார்த்து வாசித்தாள். இருபது வருஷம் பார்த்த முகம். முதல் வரியில் புருவம் மேலே போனது. இரண்டாவது வரியில் வாய் லேசாகப் பிளந்தது. பாட்டு ஏறுகிற இடத்தில் அந்த முகத்தில் வந்ததை அவள் இதற்கு முன் பார்த்ததே இல்லை. அவளுக்குப் பெருமையாக இருந்தது. வெட்கமில்லாமல், நெஞ்சு நிறையப் பெருமையாக இருந்தது.

அவர் ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

"இவ்வளவு சத்தத்தை உள்ளேயே வெச்சுக்கிட்டு எப்படி இருந்தே?" என்றார்.

அப்போதுதான் துண்டின்மேல் இருந்த போன் உறுமியது. பல் டாக்டர். 'வருத்தமா இருக்கு. வேற ஒரு பொண்ணு அஞ்சு மணிக்கு வர்றா.'

நாத்தனார் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் அண்ணனிடம் கொட்டினாள். அவர் எழுந்தார்.

"கிளம்பு."

"வரலைன்னு சொல்லிட்டேங்க."

"நேர்ல போய் வந்துட்டேன்னு சொல்லு."

"உங்க தூக்கம்?"

"ஷெட்டுக்குப் போன் பண்ணி ரெண்டு மணி நேரம் தள்ளிக் கேட்கறேன். எனக்கு நாலு பேர் கடன்பட்டிருக்காங்க. அங்கே ஓரமா உட்கார்ந்து கண்ணை மூடிக்கறேன், போதுமா?"

"நான் ஓட்டறேன்" என்றாள் நாத்தனார். "அண்ணன் பின் சீட்டில படுக்கட்டும். ஒரு நாள் அவரும் பேஷன்ட்டா வரட்டும்."

பல் மருத்துவமனையின் கீழ்த்தளம். சாமான் போட்டு வைக்கிற அறையைத்தான் குழுவினர் ஒழித்து வைத்திருந்தார்கள். சுவரெங்கும் பழைய கம்பளி. நடுவில் டிரம்ஸ், அதுதான் பல் டாக்டர் வாசிப்பது. பக்கத்தில் தடித்த நாலு கம்பியுள்ள பேஸ் கிடாரோடு ஒரு கணக்கு டீச்சர். மைக் முன்னால் பூக்கடைக்காரி. மூலையில், மேலே வேண்டாமென்று இறக்கிய பழைய பல் நாற்காலி ஒன்று.

சுவரோரம், மடியில் கிடாரோடு குதிரைவால் கட்டிய ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபது வயசுக்கு மேல் இராது.

"வரலைன்னீங்களே?" என்றார் பல் டாக்டர்.

"வந்துட்டேன்" என்றாள் அண்ணி.

பல் டாக்டர் குச்சியால் கன்னத்தைத் தட்டிக்கொண்டு யோசித்தார். "சரி. ரெண்டு பேரும் வாசிங்க. முதல்ல நீங்க."

அங்கே இருந்த ஆம்ப் அண்ணியின் இடுப்பு உயரம். சொருகினாள். வழக்கம்போல, கீழே ஒருவர் தூங்குகிற ஜாக்கிரதையோடு குமிழைத் துளியூண்டு திருப்பினாள்.

"கேட்கலை, ஏத்துங்க."

ஏற்றினாள்.

"இன்னும் ஏத்துங்க. இது எலக்ட்ரிக் கிடார்!"

பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றினாள். டாக்டர் குச்சியைத் தட்டி நாலு எண்ணினார். அண்ணி கம்பியில் கையைப் போட்டாள்.

அறையே அதிர்ந்தது. ஒரு மாதம் பூனைபோல வாசித்த பாட்டு சுவரில் மோதித் திரும்பி வந்து அவள் நெஞ்சிலேயே அறைந்தது. பயத்தில் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள். கால் தாளம் போட்டது, போட்டுவிட்டுப் போகட்டும் என்று விட்டாள். பாட்டு ஏறுகிற இடம் வந்தது. டிரம்ஸும் பேஸும் சேர்ந்துகொண்டு தூக்க, அவள் அதன்மேல் ஏறிப் போனாள். இவருக்குப் பிடித்த இடமாயிற்றே என்று மூலைப் பக்கம் திரும்பினாள்.

பல் நாற்காலியில் டிரைவர் காலை நீட்டி, வாயை அகலத் திறந்து, அடித்துப் போட்டதுபோலத் தூங்கிக்கொண்டிருந்தார்.

அடப்பாவி மனுஷா! இந்த இடி முழக்கத்திலா? கம்பளித் துணி சுற்றிய நாற்காலிக் கால்களெல்லாம் அவள் கண் முன்னால் வந்து போயின. அவளுக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாகப் பொங்கின. அந்த வேகத்தோடேயே கடைசி வரியை வாசித்து முடித்தாள். இதுவரை அவள் அப்படி வாசித்ததில்லை.

"அந்த நாற்காலியில இவ்வளவு நிம்மதியா வாயைத் திறந்த ஆளை இப்பத்தான் பார்க்கறேன்" என்றார் பல் டாக்டர். பூக்கடைக்காரி சிரித்தாள். டாக்டரின் சிரிப்பு மட்டும் சீக்கிரமே நின்றது.

"நல்லா வாசிச்சீங்க. ஆனா ஒண்ணு. முதல்ல வர்றேன்னீங்க. அப்புறம் வரலைன்னீங்க. இப்போ வந்துட்டேங்கறீங்க. வாரம் மூணு நாள் காலையில ஒத்திகை. இன்னும் ஆறு வாரத்தில மேடை. நடுவில விட்டுட்டுப் போறவங்களை எங்களால தாங்க முடியாது. உங்களுக்கு இது நிஜமாவே வேணுமா?"

நேற்றுவரை இருந்த அண்ணி என்றால், 'முடிஞ்சா பார்க்கலாம்' என்றிருப்பாள். 'வீட்டில கேட்டுச் சொல்றேன்' என்றிருப்பாள். அந்த வார்த்தைகள் இப்போதும் நாக்கு நுனி வரைக்கும் வந்தன.

"வேணும்!"

அவள் உத்தேசித்ததைவிடப் பல மடங்கு சத்தமாக வந்துவிட்டது அது. டிரம்ஸுக்கும் இடுப்பு உயர ஆம்புக்கும் அசையாத டிரைவர், துள்ளி எழுந்து உட்கார்ந்தார்.

"என்னாச்சு? என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகலை" என்றாள் அண்ணி, கண் கலங்கச் சிரித்துக்கொண்டு. "எனக்கு இது வேணும்னு சொன்னேன்."

பல் டாக்டர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நாத்தனார் கதவோரம் இரண்டு கைகளையும் இறுகக் கோத்துக்கொண்டு நின்றாள்.

"நல்லது" என்றார் டாக்டர். "இப்போ அந்தப் பொண்ணு வாசிக்கட்டும்."

குதிரைவால் பெண் எழுந்து வந்தாள். அண்ணி கழற்றிய வயரைப் பணிவாக இரண்டு கையாலும் வாங்கிச் சொருகினாள். குமிழை ஒரே திருப்பில் உச்சிக்குக் கொண்டுபோனாள். முதல் ஸ்வரத்தை எடுத்தாள்.

இடம் கைநழுவுகிறதே என்று தெரிந்தும் அண்ணியின் கால் தாளம் போட ஆரம்பித்தது. அந்தப் பெண் அவ்வளவு நன்றாக வாசித்தாள்.